ஷட்டர்தான் அவருக்கு வாசல்

எங்கள் வீட்டுக்கு ஒரு முன்வாசல் உண்டு. தேக்குக் கதவு, பித்தளைக் கைப்பிடி, மேலே வேதவசனம் எழுதிய பலகை, எல்லாம் உண்டு. ரோட்டிலிருந்து பத்துப் படி ஏறினால் அந்தக் கதவு. என் வீட்டுக்காரர் எபிசன் அந்தப் படியில் ஒரே ஒரு தடவைதான் ஏறிப் பார்த்தார். மழை ஈரத்தில் ஊன்றுகோல் வழுக்கி முழங்கை ஒடிந்தது. அதற்குப் பிறகு அவருக்கு வாசல் என்றால் கார் ஷெட்டின் ஷட்டர்தான்.

கடைகளில் சுருண்டு மேலே ஏறுமே, அதே இரும்பு ஷட்டர். ரோட்டு மட்டத்தில் மண்ணை வெட்டி ஷெட் கட்டி, அதற்குள்ளிருந்து வீட்டைச் சுற்றிக்கொண்டு அடுக்களை வாசல் வரைக்கும் சாய்வாகப் பாதை போட்டிருக்கிறது. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரோடு எபிசன் நேராக அடுக்களைக்கே வந்துவிடுவார். ஷட்டர் திறந்தால் அவர் வீட்டுக்கு வருகிற ஆம்பிளை. திறக்காவிட்டால் ரோட்டில் நிற்கிற நொண்டி. இந்த வார்த்தையை நான் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேறு யாராவது சொன்னால் நான் சும்மா விடமாட்டேன்.

எபிசனுக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இரண்டு காலும் சூம்பிப்போயின. அவருடைய தம்பி ஜாஸ்பர்தான் சைக்கிள் கேரியரில் வைத்து அவரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனது. தம்பி அண்ணனுக்கு இரண்டு வயது இளையவன். ஆனால் வளர்ந்த பிறகு யார் அண்ணன், யார் தம்பி என்று ஊருக்கே குழப்பம். அவ்வளவு அதிகாரம், அவ்வளவு பாசம். எபிசன் தக்கலையில் மிக்சி, எமர்ஜென்சி விளக்கு, இஸ்திரிப் பெட்டி எல்லாம் ரிப்பேர் பார்க்கிற ஒரு சின்னக் கடை போட்டார். டிசம்பர் வந்தால் ஊரெல்லாம் வீட்டு முன்னால் தொங்கவிடுகிற நட்சத்திரங்களின் சீரியல் பல்புகள் அவர் மேஜைமேல் மலையாகக் கிடக்கும்.

நான் அவரை அங்கேதான் முதலில் பார்த்தேன். நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். எமர்ஜென்சி விளக்கு எரியவில்லை என்று கொண்டுபோனால், அதைத் திறந்து பார்த்துவிட்டு, "பேட்டரிக்குள்ள குழாய்த் தண்ணிய விட்டது யாரு?" என்று ஒரு சத்தம். நான் திரும்பச் சத்தம் போட்டேன். அந்தச் சண்டை கல்யாணத்தில் முடிந்தது. "கால் வராதவனுக்கு எதுக்குடி கழுத்த நீட்டுத?" என்று என் சொந்தக்காரர்கள் கேட்டார்கள். இப்போது அவர்கள் வீட்டு மிக்சியெல்லாம் எங்கள் கடைக்குத்தான் வருகின்றன.

இரணியல் பக்கத்தில் இந்த மேட்டு மனையை வாங்கி வீடு கட்டித் தந்தது ஜாஸ்பர். அவன் மஸ்கட்டில் இருக்கிறான், குடும்பமும் அங்கேதான். ஷெட்டும் சாய்வுப் பாதையும் அவனுடைய யோசனை. ஷட்டருக்கு மோட்டார் வைத்ததும் அவன்தான். பிறகு ஒருநாள் ஒரு வெள்ளை டப்பாவைப் பார்சலில் அனுப்பினான். அதை மோட்டாரில் மாட்டினால் போனிலிருந்தே ஷட்டரைத் திறக்கலாம், மூடலாம். எபிசன் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே போனைத் தொட்டு முதல்முறை ஷட்டர் ஏறியபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நன்றி கெட்டவள் இல்லை நான்.

ஆனால் அந்த டப்பாவின் சங்கதி பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஷட்டருக்கு முன்னால் நின்று இவர் பொத்தானைத் தொட்டால், அந்தச் சேதி நேராக ஷட்டருக்குப் போகாது. கடல் தாண்டி எந்த நாட்டிலோ இருக்கிற கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய், அது சரியென்று சொல்லி, திரும்ப எங்கள் வீட்டு இன்டர்நெட் வழியாக வந்துதான் ஷட்டர் ஏறும். அதே சேதி ஜாஸ்பரின் போனுக்கும் போகும். மத்தியானம் எபிசன் சும்மா கடையை அடைத்துவிட்டு வந்தால் உடனே மஸ்கட்டிலிருந்து போன் வரும்.

"என்னண்ணே, இந்நேரம் ஷட்டர் திறந்திருக்கு? சொகமில்லையா?"

"சொகந்தான்லே. கூட்டான் மிச்சம் இருக்குன்னு சாப்பிட வந்தேன்."

"செரி. சாயங்காலம் மழை உண்டாம். திரும்பப் போவாதீங்க."

அக்கறைதான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நாற்பது தாண்டிய மனுஷன் தன் வீட்டுக்குள் வருவதற்கும் போவதற்கும் கணக்குச் சொன்னால் எப்படி இருக்கும்? எபிசன் முகம் சுளிக்கமாட்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். ஜாஸ்பரும் விடுமுறைக்கு வருவதைக் குறைத்துவிட்டான். கேட்டால், "நான் இங்கயிருந்தே உங்ககூடத்தான மைனி இருக்கேன், அண்ணன் எப்பம் வருது, எப்பம் போவுதுன்னு எல்லாம் தெரியும்லா" என்பான். மகள் ஜெனிலா கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் படிக்கப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு டூட்டி இருந்தால் பகலில் வீட்டில் ஆளே கிடையாது.

ஐப்பசியில் எங்கள் பக்கம் மத்தியானம் வரை வெயில் கொளுத்தும். நாலு மணிக்கு வானம் இடிந்து விழும். முதல் இடி கேட்டதும் ஊரில் எல்லாரும் செய்கிற காரியம் ஒன்றுதான்: டிவி, பிரிட்ஜ், வைஃபை என்று எல்லா வயரையும் பிடுங்கிவிடுவது. இன்டர்நெட் தருகிற கேபிள்காரர் தன் மெஷினையே அணைத்துவிடுவார். அன்றைக்கும் அணைத்துவிட்டார். கரண்ட் இருந்தது, மோட்டாருக்கு உயிர் இருந்தது, ஆனால் இன்டர்நெட் இல்லை. எபிசன் ஷட்டருக்கு முன்னால் நின்று போனைத் தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். கம்பெனிக்காரன் கம்ப்யூட்டருக்குச் சேதி போய்விட்டது. அங்கிருந்து எங்கள் வீட்டுக்குத்தான் வரவில்லை. கையால் சுற்றித் திறக்கிற சங்கிலி உண்டு. அது ஷெட்டுக்கு உள்ளே இருக்கிறது!

எதிர்வீட்டிலும் ஆளில்லை. நான் டூட்டி முடிந்து வரும்போது அவர் ஸ்கூட்டரிலேயே நனைந்து, உதடு நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தார். ஸ்கூட்டரை வேறு எங்காவது கொண்டு ஒதுக்கியிருக்கலாமே என்று கத்தினேன். "இப்பம் திறக்கும், இப்பம் திறக்கும்னு நின்னுட்டேன்" என்றார். சளி நெஞ்சில் இறங்கி, எங்கள் ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைக்க வேண்டியதாயிற்று.

ஜாஸ்பர் போனில் அழுதான். பிறகு தீர்மானமாகச் சொன்னான்: "அண்ணே, கடைய அடைச்சிருங்க. போதும். நான் இருக்கேன்லா. இனி நீங்க வெளிய எறங்கண்டாம்."

 எபிசன் போனை என்னிடம் தந்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். தம்பி சொன்னால் அவரால் மறுக்க முடியாது. அவன் செய்திருக்கிற உபகாரம் அப்படி. ஆனால் அந்தக் கடை போய்விட்டால் இந்த மனுஷன் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்துபோவார் என்று எனக்குத் தெரியும். நல்லவர்கள் அடைத்துப்போடுகிற வீட்டிலிருந்து வெளியே வருவது லேசு இல்லை.

மூன்றாம் நாள் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்தவர் சொன்னார்: "ஏட்டி, தப்பு மழை மேல இல்ல. நான் நிக்கது ஷட்டருக்கு முன்னால. ஷட்டர் நிக்கது எனக்கு முன்னால. எங்க ரெண்டு பேருக்கும் இடையில எதுக்கு ஒரு வெளிநாட்டுக் கம்பெனி?"

வீட்டுக்கு வந்ததும் வேலையைத் தொடங்கிவிட்டார். அவருக்கு வயரும் சால்டரிங்கும் தெரியும், கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிற வேலை தெரியாது. இன்டர்நெட்டில் தேடினார். கம்பெனி எதுவும் நடுவில் இல்லாமல் தங்கள் வீட்டு ஷெட் கதவைத் தாங்களே திறக்கிற மாதிரி செய்த ஆட்கள் உலகம் பூராவும் இருக்கிறார்களாம். எல்லாவற்றையும் எழுதி, படம் போட்டு, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று சும்மா வைத்திருக்கிறார்கள். அதில் ஒருவர், பெயர் கிடையாது, ஒரு பூனைப் படம் மட்டும் வைத்திருந்தார். எபிசன் தன்னுடைய அரைகுறை இங்கிலீஷில் சந்தேகம் கேட்கக் கேட்க அந்த மனுஷன் சலிக்காமல் பதில் போட்டார். ஒரு வயரை எபிசன் மாற்றிக் கொடுத்து, வாங்கிய எலக்ட்ரானிக் சில்லைப் புகையவிட்டதும், "எனக்கும் முதலில் புகைந்தது" என்று எழுதியிருந்தார். எங்கள் வீட்டில் சாயங்காலம் குடும்ப ஜெபம் உண்டு. அதில் எபிசன் வரிசையாக எல்லார் பெயரும் சொல்லிவிட்டு, "அந்தப் பூனைப்படக்காரரையும் ஆசீர்வதியும் கர்த்தாவே" என்பார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆமென் சொல்வேன். இப்போது நானே சொல்கிறேன், சிரிக்காமல்.

விரல் நீளத்தில் ஒரு சில்லு, மோட்டாருக்குச் சேதி கொடுக்க ஒரு ரிலே, ஷட்டர் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று சொல்ல இரண்டு காந்தம். இவ்வளவுதான் சாமான். ஜாஸ்பரின் டப்பாவைக் கழற்றாமல் பக்கத்திலேயே இதை வைத்தார். முதலில் அவருக்கு ஒரு பவிசு தோன்றியது. பொத்தானே வேண்டாம், ஸ்கூட்டர் பக்கத்தில் வந்தாலே ஷட்டர் தானாகத் திறக்கட்டும் என்று செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் வந்து காட்டினார். ராஜாவுக்குத் திறக்கிற கோட்டைவாசல் மாதிரி திறந்தது. கைதட்டினேன்.

அன்றைக்கே இரண்டு பேரும் ஒரு கல்யாணத்துக்கு ஆட்டோவில் போய்விட்டு வந்தால் ஷட்டர் ஆவென்று திறந்து கிடக்கிறது. ஸ்கூட்டர் ஷெட்டுக்குள்ளேதானே நிற்கிறது! தானாக மூட மூட, ஸ்கூட்டர் பக்கத்தில் வந்துவிட்டது என்று நினைத்து அது திரும்பத் திரும்பத் திறந்திருக்கிறது. பக்கத்து வீட்டு ஆடுகள் சாய்வுப் பாதை வழியாக நடந்து வந்து, நான் ஆசையாக வளர்த்த கறிவேப்பிலையை மொட்டையடித்துவிட்டு, அடுக்களை வாசலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. நான் திட்டிய திட்டில் ஆடுகள் போய்விட்டன, எபிசன்தான் போக இடமில்லாமல் நின்றார்.

பவிசை விட்டுவிட்டு, போனில் ஒரு பொத்தான் வைத்தார். சேதி வீட்டு வைஃபையோடு நின்றுவிடும், வெளியே போகாது. கேபிள்காரர் லைனை அணைத்தாலும் திறந்தது. ஒரு வாரம் அவருக்குத் தரையில் கால் பாவவில்லை.

அப்புறம் நான் கெடுத்தேன். வானம் கறுத்திருந்தால் டூட்டிக்குப் போகும்போதே மெயினை அணைத்து, வைஃபை வயரையும் பிடுங்கிவிட்டுப் போகிறவள் நான். அன்றும் அப்படியே செய்தேன். கேபிள்காரரை மனதில் வைத்துப் பாடுபட்டவர் பெண்டாட்டியை மறந்துவிட்டார். திரும்பவும் ரோட்டில் நின்றார். இந்தத் தடவை புத்தியாக எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்கியிருந்தார்.

வீட்டுக்குள் வந்ததும் சண்டை. "மெயினை அணைக்காதட்டி, நான் எப்படி உள்ள வருவேன்?" என்றார்.

"அணைக்கத்தான் செய்வேன்" என்றேன். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது டிவி ஆன்டெனா வழியாக மின்னல் எங்கள் வீட்டுக்குள் இறங்கியது. வயரைப் பிடுங்கப் போன எங்கம்மாவுக்கு அன்றைக்குப் போன காது கடைசிவரை வரவில்லை. என் கல்யாணத்தில் அவளுக்கு வேதவசனம் கேட்கவில்லை, பாட்டு கேட்கவில்லை. நான் எந்த டப்பாவுக்காகவும் மெயினை விட்டுவைக்க மாட்டேன். இதையெல்லாம் கத்திச் சொல்லிவிட்டு அழுதேன்.

 எபிசன் மெதுவாகச் சொன்னார்: "செரி. நீ அணைச்சுக்கோ. நீ அணைச்சாலும் திறக்கணும். கேபிள்காரன் அணைச்சாலும் திறக்கணும். அப்பந்தான் அது என் வாசல்." இந்த மனுஷனைக் கட்டியதற்காக நான் கடவுளுக்கு நன்றி சொன்ன நாட்களில் அதுவும் ஒன்று. என் பயத்தைக் கேலி செய்யாமல் அதையும் சேர்த்துக் கணக்கில் எடுத்துக்கொண்டாரே.

நாகர்கோவிலிலிருந்து ஷட்டர் வேலை பார்க்கிற தாணு அண்ணனைக் கூப்பிட்டார். தாணு அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "எலே எபிசா, ஒனக்கு வேற சோலி இல்லியா? முன்வாசலுக்கு இன்னொரு சாவி செஞ்சு எதுத்த வீட்டுல குடுத்தா, அவன் உள்ள போய் சங்கிலியச் சுத்தித் திறந்துவிடுவான், தீந்துது" என்றார்.

"எதுத்த வீட்டுல சாவி இருந்தா அது எதுத்த வீட்டுக்காரன் வாசலாக்கும் அண்ணே."

தாணு அண்ணன் தலையைச் சொறிந்தார். அதற்கு மேல் கேலி பேசவில்லை. பேட்டரியில் ஓடுகிற மோட்டார் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து பழையதைக் கழற்றிவிட்டு அதை மாட்டினார், ஜாஸ்பரின் டப்பாவையும் அதிலேயே சேர்த்தார். ஷட்டர் பாரத்துக்கு அது தாங்குமா என்று இரண்டு மூன்று நாள் திரும்பத் திரும்ப வந்து ஸ்பிரிங்கை முறுக்கிச் சரிசெய்தார். இரண்டு பேட்டரி ஷெட் மூலையில் உட்கார்ந்தது. நான் மெயினை அணைத்தாலும், சார்ஜர் வயரைப் பிடுங்கினாலும், அதில் நாலைந்து நாளைக்கு உயிர் இருக்கும். வைஃபையும் தேவையில்லை. ஸ்கூட்டர் கைப்பிடியில் இன்னொரு சில்லும் ஒரு பச்சைப் பொத்தானும். அமுக்கினால் இந்தச் சில்லு அந்தச் சில்லிடம் நேராகப் பேசும். பத்தடி தூரம், அவ்வளவுதான் அதன் உலகம். நடுவில் ஆள் நின்றாலும் ஆடு நின்றாலும் மூடாது. ஷட்டர் திறந்திருந்தால் அடுக்களையில் ஒரு சின்ன விளக்கு எரியும், அது எனக்காக.

மழைக்காலத்தின் மிச்ச நாளெல்லாம் அவர் கடைக்குப் போனார், வந்தார். ஒருநாள்கூட வாசலில் நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஜாஸ்பர் அனுப்பிய வெள்ளை டப்பாவைக் கழற்றித் துடைத்து அலமாரியில் வைத்தார். அரைமணி நேரத்தில் போன் வந்துவிட்டது.

"அண்ணே, ஷட்டர் இங்க காணமாட்டேங்குது. நெட்டு போச்சா?"

எபிசன் எல்லாவற்றையும் சொன்னார். நான் பக்கத்திலேயே இருந்தேன். வீடியோவில் ஜாஸ்பரின் முகம் மாறுவது தெரிந்தது.

"அப்பம் இனி எனக்குத் தெரியாதா, நீங்க வந்தது போனது?"

"தெரியாது."

"எனக்கும் அதுல ஒரு வழி வச்சுக் குடுங்கண்ணே. இங்கயிருந்து ஒரு அவசரத்துக்குத் திறக்கலாம்லா."

"அது மஸ்கட்டுல இருந்து திறக்காதுலே" என்றார் எபிசன். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஜாஸ்பருக்கு லேசாக இருந்திருக்கும். "இங்க வந்து நின்னாத்தான் திறக்கும். நீ வா."

ஜாஸ்பர் சரி என்று சொல்லி வைத்துவிட்டான். பிறகு பல மாதம் போனே இல்லை. எபிசன் வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் குடும்ப ஜெபத்தில் தம்பி பெயர் முதலாவதாக வந்துவிட்டது. பூனைப்படக்காரருக்கு இரண்டாம் இடம். அவ்வளவு செய்த பிள்ளையின் முகத்தில் அடித்துவிட்டோமோ என்று எனக்கும் உறுத்தியது. கடையை அடைக்கச் சொன்னானே என்கிற கோபமும் போகவில்லை. இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் கிடந்து மல்லுக்கட்டின.

அடுத்த வருஷம் ஐப்பசி முடிகிற சமயம். மதியம் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. காலையிலேயே மெயினை அணைத்துவிட்டுத்தான் போயிருந்தேன். டூட்டி முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி, குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தால், எங்கள் ஷட்டருக்கு முன்னால் ஒரு ஆள் பெரிய பெட்டியோடு தொப்பலாக நனைந்துகொண்டு நிற்கிறான். ஜாஸ்பர்! யாரிடமும் சொல்லாமல் திருவனந்தபுரத்தில் இறங்கி டாக்சி பிடித்து வந்திருக்கிறான். கரண்ட் இல்லாமல் டவரும் போய்விட்டதால் அவன் போனிலிருந்து எங்களுக்கு அழைப்பு வரவில்லை.

"எவ்வளவு நேரமா நிக்கிய?" என்று கேட்டு முடிக்கும் முன்னால் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. எபிசன் மழைக்கோட்டோடு வந்தார். தம்பியைப் பார்த்தார். ஸ்கூட்டரை நிறுத்தவில்லை. கட்டைவிரல் மட்டும் அசைந்தது. ஷட்டர் கடகடவென்று மேலே ஏறியது. அவர் உள்ளே போய், ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தி, "ஏலே, ஏன் நனையுத? உள்ள வா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். விருந்தாளி வந்தால் வீட்டுக்காரன் சொல்கிற மாதிரி சொன்னார்.

ஜாஸ்பர் அண்ணாந்து ஷட்டரையே பார்த்துக்கொண்டு நின்றான். "மைனி, கரண்ட் இல்லியே?"

"இல்ல."

"நெட்டு?"

"அதுவும் இல்ல."

அவன் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். சின்ன வயதிலிருந்து அண்ணனை வீட்டுக்குள் கொண்டுசேர்ப்பதுதான் தன் வேலை என்று நினைத்து வளர்ந்தவன். அந்த வேலை முடிந்துவிட்டது என்று அவனுக்கு அந்த மழையில்தான் புரிந்தது. பாவமாக இருந்தது எனக்கு.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. இந்த வீடு, இந்தப் பாதை, இந்த ஷெட் எல்லாம் இவன் தந்தது. இத்தனை வருஷத்தில் நான் இவனுக்கு வாய்விட்டு நன்றி சொன்னதே இல்லை. சொல்லக்கூடாது என்றில்லை. ஒவ்வொரு தடவையும் அடுத்து இவனிடம் கேட்க ஏதோ ஒன்று பாக்கி இருந்தது. கையேந்தி நிற்கும்போது சொல்கிற நன்றி எனக்கே காக்காய் பிடிக்கிற மாதிரித் தோன்றும், சொல்லாமல் விட்டுவிடுவேன். அன்றைக்கு அவனிடம் கேட்க எங்களுக்கு ஒன்றுமே இல்லை.

குடையை அவன் தலைக்கு மேலே பிடித்தேன். "ஜாஸ்பர், நீ கெட்டித் தந்த வீட்டுலயாக்கும் உங்க அண்ணன் ராஜா மாதிரி வருது, போவுது. ரொம்ப நன்றி, கேட்டியா. இவ்வளவு நாளா சொல்லல. இப்பம் சொல்லுதேன்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.  உள்ளேயிருந்து எபிசன் ஹாரனை அமுக்கினார்.

"ரெண்டு பேரும் ரோட்டுலயே குடியிருக்கப் போறியளா? சாயாவுக்கு அடுப்புல தண்ணி வைக்கணும்" என்றார்.

நான் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன், ஜாஸ்பர் இன்னொரு பக்கத்தைப் பிடித்தான். இருவரும் எபிசனின் வாசல் வழியாக உள்ளே போனோம்.